கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர்: மக்கள் நல ஆய்வுகளில் நமது மஹல்லாவின் பங்கு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது மஹல்லாவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

ஆண்டுதோறும் நமது ஜமாஅத் நடத்தி வரும் இலவச மருத்துவ முகாமைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். முகாமின் பயனை நீங்கள் அனைவரும் நேரில் கண்டவர்கள். அதைப் பற்றி நான் அதிகம் கூற வேண்டியதில்லை. ஆகவே அவர்களிடம் அனுமதி பெற்று, முகாமுக்கு முன்னால் நிற்கும் ஒரு காரியத்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். அரசின் சார்பிலோ ஆராய்ச்சி நிலையங்களின் சார்பிலோ நம் வீடு தேடி வந்து, "உங்கள் வீட்டில் எத்தனை பேர்? யாருக்கேனும் சர்க்கரை உண்டா? ஒரு சொட்டு இரத்தம் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்களே, அந்த மக்கள் நல ஆய்வுகளைப் பற்றியதே எனது உரை.

கேட்பதற்கு இது சிறிய விஷயம். "ஆள் இல்லை, அப்புறம் வாருங்கள்" என்ற ஒரு வார்த்தையில் முடிந்துவிடக் கூடியது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் நாம் எதை இழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைப் பதிவேடு சொல்லாத செய்தி

"அரசு மருத்துவமனையில் எல்லாக் கணக்கும் இருக்கிறதே, வீடு வீடாக ஏன் வர வேண்டும்?" என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். மருத்துவமனைப் பதிவேட்டில் மருத்துவமனைக்கு வந்தவரின் பெயர் மட்டுமே இருக்கும். வராதவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக் கொண்டவர், இருமலை "புகைச்சல்" என்று சொல்லிக் கடைக்குப் போய்விட்டவர், தலைசுற்றலைத் தன் வேலைப் பளுவின் மீது ஏற்றிவிட்ட தாய் ஆகிய இவர்களையெல்லாம் வீட்டுக்கு வந்து கேட்டால்தான் கணக்கில் காண முடியும்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் காசநோய் பற்றிய ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதில் முன்னின்றது. காசநோய்க்கான அறிகுறிகள் இருந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரையும் நாடவில்லை என்று அந்த ஆய்வு கண்டறிந்தது. மூவரில் இருவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை! வீடு தேடிச் சென்று கேட்டிராவிட்டால் இந்த உண்மை வெளிவந்திருக்காது.

இரத்தசோகையும் அவ்வாறே. "என் குழந்தைக்கு இரத்தசோகை" என்று சொல்லிக் கொண்டு எந்தத் தாயும் மருத்துவரிடம் வருவதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருப்பதை அது காட்டியது. 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில் குழந்தைகளின் அளவு 50.7 விழுக்காடாக இருந்தது. மருத்துவத்தில் முன்னணி மாநிலம் என்று நாம் பெருமை கொள்ளும் தமிழகத்தில், குழந்தைகளின் இரத்தசோகை குறையாமல் கூடியிருக்கிறது. இதை நமக்குச் சொன்னது, முன்பின் அறியாத ஒரு பெண்ணிடம் தம் குழந்தையின் விரலை நீட்டிய தாய்மார்களே.

நமது மாவட்டம் சொன்ன பதில்

வேறு ஊர்க் கதை எதற்கு? நமது திருவண்ணாமலை மாவட்டமே ஒரு சான்று. 2020ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா ஊரடங்கு நீடித்த வேளையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ஓர் இரத்த ஆய்வை நடத்தியது. தமிழகத்தில் தேர்வான மாவட்டங்கள் மூன்று: சென்னை, கோயம்புத்தூர், நமது திருவண்ணாமலை. மாவட்டத்திற்குப் பத்து இடங்கள், ஒரு வீட்டிற்கு ஒருவர், மொத்தம் 400 பேர் என்பது திட்டம். நாடு முழுவதும் 30,283 வீடுகளுக்குச் சென்றார்கள்; 28,000 பேர் இரத்தம் கொடுத்தார்கள்.

அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும், தில்லியில் நடந்த ஒரு மார்க்கக் கூட்டத்தைக் காரணம் காட்டி, நோயையே ஒரு சமுதாயத்தின் பெயரோடு சேர்த்துப் பேசினார்கள். காய்கறி விற்கச் சென்ற நம் சகோதரர்களை அவர்களது பெயரைக் கேட்டுத் திருப்பி அனுப்பிய செய்திகளும் நாட்டின் சில பகுதிகளிலிருந்து வந்தன. அந்தப் பேச்சுக்கு மேடையில் எவ்வளவோ பதில் சொல்லப்பட்டது. ஆயினும் அந்த இரத்த ஆய்வு தந்த பதிலே உறுதியானது. மே மாதத் தொடக்கத்திலேயே இந்தியாவில் வயது வந்தோரில் 0.73 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 64 லட்சம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்ததாக அது மதிப்பிட்டது. உறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் 82 முதல் 130 தொற்றுகள் வரை இருந்திருக்கக் கூடும் என்றது. ஒரு நோயாளிகூடப் பதிவாகாத மாவட்டங்களிலும் தொற்று காணப்பட்டது. நோய் எந்தப் பெயரையும் பார்த்துப் பரவவில்லை. பரிசோதனை எட்டாத இடங்களிலும் அது சத்தமின்றிப் பரவியிருந்தது. இந்த உண்மையை நிலைநாட்டிய 28,000 பேரில் நமது மாவட்டத்து மக்களும் அடங்குவர்.

அதன் பின்னரும் அதே மாவட்டங்களில் ஆய்வு தொடர்ந்தது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காம் சுற்றில், ஆறு வயதுக்கு மேற்பட்டோரில் 67.6 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பணுக்கள் இருந்தன. பள்ளிகளைத் திறப்பது, தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது போன்றவற்றை ஆராய்ந்தவர்களுக்கு இத்தகைய எண்கள் அடிப்படையாக அமைந்தன.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்

"ஊரில் இத்தனை வீடு இருக்க, எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. இந்தக் கேள்வியிலிருந்துதான் ஐயம் பிறக்கிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நம் வீட்டு நிக்காஹ்களில் பிரியாணி தம் போட்டு இறக்கும்போது பண்டாரி என்ன செய்கிறார்? தேக்சாவின் மேற்புறத்தில் மட்டும் கரண்டியை விட்டுப் பதம் பார்ப்பதில்லை. ஓரத்திலும் நடுவிலும் அடியிலும் எடுத்துப் பார்க்கிறார். ஆய்வும் அப்படித்தான். தேசிய குடும்ப நல ஆய்வில் முதலில் ஊர்களும் வார்டுகளும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பின்னர் அப்பகுதியின் வீடுகள் அனைத்தும் பட்டியலிடப்பட்டு, அவற்றிலிருந்து 22 வீடுகள் குலுக்கல் முறை போன்ற ஒரு முறையில் தேர்வாகின்றன. பெயரையோ மதத்தையோ தெருவையோ பார்த்து எவரும் வீட்டைப் பொறுக்குவதில்லை.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. தேர்வான வீடு கதவை மூடிவிட்டால், அதற்குப் பதிலாக அடுத்த வீட்டுக்குச் செல்லக் கூடாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். ஐந்தாம் சுற்றில் தமிழகத்தில் 27,929 வீடுகளில் தகவல் பெறப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் சுமார் 1 கோடியே 85 லட்சம் குடும்பங்கள் இருந்தன. வகுத்துப் பாருங்கள்: தேர்வான ஒவ்வொரு வீடும் அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது. அந்த வீடு வாய் மூடினால், அதைப் போன்ற அறுநூறு வீடுகளின் நிலையும் சொல்லப்படாமல் போகிறது. ஒரு தெருவே மறுத்தால், தேக்சாவின் ஒரு மூலையை யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அந்த மூலை வெந்ததா, அடிபிடித்ததா என்பது யாருக்கும் தெரியாது.

நமது ஊரில் கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமி நாட்களுக்கும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். எத்தனை சிறப்புப் பேருந்துகள், எத்தனை குடிநீர்த் தொட்டிகள், எத்தனை கழிப்பறைகள், எத்தனை ஆம்புலன்சுகள் என்பதை அதிகாரிகள் முன் கணக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள். கணக்கில் வராத கூட்டத்திற்குத் தண்ணீர் வைப்பவர் யார்?

கணக்கு மருந்தாக மாறிய விதம்

"கேட்டுவிட்டுப் போகிறார்கள், நமக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்போருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020ஆம் ஆண்டு தமிழக அரசு, தேசிய நோய்ப்பரவியல் நிலையத்தின் துணையோடு தொற்றா நோய்கள் பற்றிய ஆய்வை மாநிலம் முழுவதும் நடத்தியது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினரிடமும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினரிடமும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது தெரியவந்தது. மருத்துவமனைகள் இருந்தன, மாத்திரைகள் இருந்தன. ஆனால் மாதந்தோறும் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க மக்களால் இயலவில்லை. இந்த நிலையில்தான் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. முன்பு அதே வாசலுக்கு ஒருவர் கேள்வித்தாளுடன் வந்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சான்று, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் பலன் தருகிறதா என்று அறிய, 1968இல் அங்கே உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று தொடங்கியது. சுமார் மூன்றரை லட்சம் மக்கள் வாழும் கிராமங்களில் பதினைந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று மார்புப் படம் எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது அங்கே தெரிந்தது. குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் அந்த ஊசி இன்றும் பச்சிளங் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்ற தெளிவை உலகிற்குத் தந்தவர்கள் எழுத்தறிவு குறைந்த அந்தக் கிராமத்து மக்களே.

நம்மைப் பற்றிய கணக்கு

நமது சமுதாயத்தைப் பற்றிப் பல கட்டுக்கதைகள் உலவுகின்றன. அவற்றுள் ஒன்று மக்கள்தொகை பற்றியது. 1992-93இல் நடந்த முதல் குடும்ப நல ஆய்வில் இந்திய முஸ்லிம் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள் என்றிருந்தது. 2019-21இல் அது 2.4 ஆகக் குறைந்துவிட்டது. மேடைப் பேச்சுகளுக்கு எதிராக இன்று அறிஞர்கள் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணைத்தான். 2006 நவம்பரில் வெளியான நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை நமது பின்தங்கிய நிலையை நாட்டுக்கு எடுத்துரைத்தபோது அதன் பக்கங்களை நிரப்பியவை இத்தகைய ஆய்வுகளின் கணக்குகளே. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் நாம் பின்தங்கியதை அது காட்டியது. குழந்தை இறப்பு மற்ற பல சமுதாயங்களைவிட நம்மிடம் குறைவாக இருந்த நல்ல செய்தியையும் அதுவே சொன்னது.

அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் கதவைத் திறந்து பதில் சொன்ன நம் தாய்மார்களும் சகோதரிகளும் ஆவர். அவர்கள் மறுத்திருந்தால், நம் குறையைச் சொல்லி உரிமை கேட்கவும், நம்மீது சுமத்தப்படும் பழியை மறுக்கவும் நம் கையில் எதுவும் இருந்திருக்காது.

நமது தயக்கங்கள்

தயக்கங்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய பின், 2020 தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் கையில் காகிதத்துடன் வந்த எவரையும் மக்கள் அச்சத்துடன் பார்த்தனர். சில இடங்களில் களப்பணியாளர்கள் விரட்டப்பட்டனர். ஐந்தாம் குடும்ப நல ஆய்வின் களப்பணி தமிழகத்தில் தொடங்கியதும் அதே 2020 ஜனவரியில்தான். அந்த அச்சத்தை அறியாமை என்று ஏளனம் செய்வது நீதியாகாது. எனினும் வேறுபாட்டை அறிந்து கொள்ள வேண்டும்.

மக்கள் நல ஆய்வில் பிறப்புச் சான்றிதழையோ குடியுரிமை ஆவணத்தையோ காட்டச் சொல்வதில்லை. விருப்பமிருந்தால் பதில் சொல்லலாம். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம். நடுவில் நிறுத்தவும் செய்யலாம். இதைத் தொடங்கும் முன்பே படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவது அவர்கள் கடமை. வெளியிடப்படும் தரவுகளில் பெயரும் முகவரியும் இருப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதிலிருந்து வேறானது. அது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. பதில் அளிப்பது கட்டாயம். தனிநபர் தகவலை இரகசியமாக வைப்பதும் அதே சட்டத்தின் விதி.

இரத்தத்தைப் பற்றிய தயக்கமும் உண்டு. பெரும்பாலான ஆய்வுகளில் விரல் நுனியில் சில சொட்டுகளே எடுக்கப்படுகின்றன. ஐந்தாம் குடும்ப நல ஆய்வில் இரத்தசோகை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அளவை அங்கேயே நமக்குச் சொல்லிவிட்டார்கள். தமக்குச் சர்க்கரை இருப்பதை இப்படி முதன்முதலில் அறிந்து கொள்வோரும் உண்டு.

பெண்களிடம் கேட்கும் கேள்விகள் பற்றியும் சிலர் மனம் சங்கடப்படுகிறது. குடும்ப நல ஆய்வில் பெண்களைப் பெண்களே தனியே சந்திக்கிறார்கள். தமிழகத்தில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடும், அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடும் அறுவைச் சிகிச்சையில் முடிந்ததை ஐந்தாம் சுற்றில் வெளிக்கொணர்ந்தவை அத்தகைய தனிமையில் சொல்லப்பட்ட பதில்களே. மாமியாரும் அண்டை வீட்டாரும் சுற்றி நின்றால் எந்தப் பெண் தன் நோவைச் சொல்வாள்? கணவர்மார்கள் அந்தச் சிறிது நேரம் வெளியே அமர்ந்திருப்பதே உதவி.

ஜமாஅத்துகள் மாற்றிக் காட்டிய வரலாறு

சென்ற தலைமுறையின் ஓர் அனுபவம் நமக்கு வழிகாட்டி. 2000களின் தொடக்கத்தில் மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பல முஸ்லிம் குடும்பங்கள் போலியோ சொட்டு மருந்தை மறுத்தன. அது குழந்தைப் பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி பரவியிருந்தது. பணியாளர்கள் வீட்டுச் சுவரில் குறியிட்டுச் சென்றார்கள்; விடுபட்ட வீடுகளுக்கு மறுபடியும் மறுபடியும் வந்தார்கள். அதட்டல் பலிக்கவில்லை. ஆலிம்களும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் முன்வந்த பிறகு நிலைமை மாறியது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்புகள் ஒலித்தன. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா போன்ற கல்வி நிலையங்கள் துணை நின்றன. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோய். 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. அதிகாரியின் ஆணைக்குத் திறக்காத கதவு, அறிந்தவரின் சொல்லுக்குத் திறந்தது.

நாம் செய்ய வேண்டியவை

நமது மஹல்லாவில் பின்வருவனவற்றை நடைமுறைப்படுத்துமாறு பொதுக்குழுவைப் பணிவன்புடன் வேண்டுகிறேன்:

1. ஆய்வுக் குழு வந்தால் முதலில் ஜமாஅத் அலுவலகத்திற்குத் தெரிவிக்குமாறு மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும் மாநகராட்சிக்கும் நாம் கடிதம் எழுத வேண்டும்.

2. வருவோரின் அடையாள அட்டையையும் அரசின் கடிதத்தையும் செயலாளர் சரிபார்த்து, ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்க வேண்டும். பெண்களுக்குச் செய்தி சேர மதரஸா வழியாகவும் சொல்ல வேண்டும்.

3. வங்கிக் கணக்கு எண், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண், பணம் ஆகியவற்றை யாரேனும் கேட்டால் அவர் ஆய்வாளர் அல்லர். உடனே ஜமாஅத்துக்கும் காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

4. பகலில் ஆண்கள் கடையிலும் வேலையிலும் இருப்பதால், மாலையில் வரும் நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். "அப்புறம் வாருங்கள்" என்பதோடு "எப்போது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சலுகை கிடைக்கும் என்று குறைத்தும், கௌரவத்திற்காகக் கூட்டியும் சொல்லாதீர்கள். பொய்யான பதில், மறுப்பைவிடத் தீங்கானது.

6. ஆய்வின் முடிவுகள் வெளியானதும், அவற்றை நமக்குப் புரியும் மொழியில் வந்து விளக்குமாறு அதிகாரிகளை அழைப்போம். பதில் சொன்னவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

அன்புச் சகோதரர்களே! நாம் கொடுக்கும் தகவல் அவர்கள் கையில் ஓர் அமானிதம். அதைக் காப்பது அவர்கள் பொறுப்பு. காக்கிறார்களா என்று கேட்பது நமது உரிமை. அதேபோல, தேர்வான வீட்டாரின் பதிலும் ஓர் அமானிதமே. தம்மைப் போன்ற நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்காக அவர்கள் பேசுகிறார்கள். அக்குடும்பங்களில் வேலூருக்குச் சென்று வைத்தியம் பார்க்க வசதியில்லாத ஏழை உண்டு. வெளியில் சொல்ல முடியாத நோவுடன் வாழும் விதவை உண்டு. இரத்தசோகையால் வகுப்பில் கண் சொக்கும் பிள்ளை உண்டு. இவர்களுக்காகப் பேச நமக்குத் தேவைப்படுவது அரை மணி நேரமும் ஒரு சொட்டு இரத்தமுமே.

அடுத்த முறை நம் தெருவில் ஒரு பெண் கையில் பையும் கேள்வித்தாளுமாக வெயிலில் நின்றால், அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் நாற்காலியைப் போட்டு, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, பதில் சொல்லுங்கள்.

நமது மஹல்லாவையும் நமது ஊர் மக்கள் அனைவரையும் நோயின்றிக் காத்தருள வல்ல இறைவன் துணை புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.